வெயில் பழகின அப்பாவும் ஐந்து குளிசையும்

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"டொக்டர், நாங்கள் முத்தையன்கட்டுப் பக்கம். அப்பாவுக்கு 66 வயது. பிரசருக்கு லொசாட்டனும் எச்.சி.ரி.யும், சீனிக்கு மெட்போர்மினும் கிளிக்லசைட்டும் கிளினிக்கில் கொடுக்கிறார்கள். நாரி நோவுக்கு டைக்ளோபெனாக் தானே வாங்கிப் போடுவார். போன கிழமை சிறுபோகத்துக்கு வரம்பு கட்டப் போனவர், பதினொரு மணிபோல் வரம்பிலேயே சரிந்துவிட்டார். பக்கத்து வயல் அண்ணா வாய்க்கால் தண்ணியை அள்ளித் தலையிலும் உடம்பிலும் ஊற்றி, மர நிழலில் கிடத்தினார். கால் மணித்தியாலத்தில் எழும்பி இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். 'வன்னி வெயிலில் பிறந்து வளர்ந்தவன், எனக்கென்ன' என்கிறார். சூட்டு உடம்பில் தண்ணி ஊற்றினால் சன்னி பிடிக்கும் என்று மாமி பேசுகிறா. பிரசர் குளிசைதான் ஆளை விழுத்தினது, அதை நிற்பாட்டு என்கிறார் இன்னொருவர். ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் தண்ணி குடிக்கக் கொடுக்க வேண்டும்? அம்மா இன்சுலின் போடுகிறவ. எங்களிடம் பிரிட்ஜ் இல்லை, மண்பானையில் வைக்கிறோம். அது காணுமா?"

தங்கச்சி, முதலில் அந்தப் பக்கத்து வயல் அண்ணாவைக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுங்கள். அவர் செய்தது சரி. வெயிலில் விழுந்தவரைக் கண்டால் செய்ய வேண்டிய முதல் வேலையை அவர் யாரும் சொல்லாமலே செய்திருக்கிறார்.

மாமி சொல்வதை நானும் சிறு வயதில் கேட்டுத்தான் வளர்ந்தேன். வெயிலில் விளையாடிவிட்டுக் கிணற்றடிக்குப் போனால் ஆச்சி துரத்துவா. ஆனால் சன்னி என்று எதைச் சொல்கிறோம்? ஆள் பிதற்றுவது, ஆட்களை அடையாளம் தெரியாமல் முழிப்பது, கை கால் வெட்டி இழுப்பது. கடும் வெயிலில் உடம்புச் சூடு 40 பாகை செல்சியசைத் தாண்டினால் இவை எல்லாம் வரும். அது தண்ணீர் ஊற்றியதால் வருவதில்லை, சூடு மூளையைத் தொட்டுவிட்டதால் வருவது. தண்ணீர் ஊற்றியும் ஆள் பிதற்றினால், ஊற்றியது பிந்திவிட்டது என்று அர்த்தம். மாமி பார்த்த ஆட்களும் அப்படிப்பட்டவர்களாக இருந்திருக்கலாம். தண்ணீருக்குப் பழி வந்துவிட்டது.

இனி அப்பா. அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை ஒப்புக்கொண்டு பேசினால்தான் மற்றப் பாதியை அவர் கேட்பார்.

வெயில் பழகும் என்பது உண்மை. தினமும் வெயிலில் உடம்பை வருத்தி வேலை செய்தால், ஒன்று இரண்டு கிழமைக்குள் உடம்பு மாறுகிறது. வியர்வை வெள்ளென வரும், அதிகம் வரும், அதில் போகிற உப்பு குறையும், இதயம் முந்திய அளவுக்கு அடித்துக்கொள்ளாது. ஆனால் இது பிறப்பில் வந்த சொத்து இல்லை. சில கிழமை வேலையை விட்டால் கரைந்து போகும். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்போக அரிவி வெட்டு மாசியோடு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு எத்தனை நாள் வயலில் இறங்கினார்? பங்குனி முழுக்க விறாந்தையில் இருந்துவிட்டுச் சித்திரையில் முதல் நாளே மண்வெட்டியோடு நாலைந்து மணித்தியாலம் நின்றால், கொழும்பில் இருந்து வந்தவன் நின்றதற்கும் அவர் நின்றதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அதுவும் எந்த நாட்களில்? சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. மத்தியானம் நிழல் காலடியில் ஒடுங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆவணிக் கடைசியில், சிறுபோக வெட்டு நேரத்தில், மறுபடியும் ஒருதரம் அப்படி வரும். இந்த இரண்டு வெயிலும் ஒன்றல்ல. சித்திரை வெயில் புழுக்கம். காற்று அசையாது, பின்னேரம் இடிமழைக்கு வானம் கறுக்கும். வியர்வை ஊற்றும், ஆனால் காயாது. வியர்வை காய்ந்து போகும்போதுதான் சூட்டையும் கொண்டுபோகிறது. சொட்டி மண்ணில் விழுகிற வியர்வையால் உடம்புக்கு நட்டமே தவிர இலாபம் இல்லை. வைகாசிக்குப் பிறகு கச்சானும் சோளகமும் வீசும்போது நிலைமை மாறும். வியர்வை வந்த உடனேயே காய்ந்துவிடும். 'இன்றைக்கு வேர்க்கவேயில்லை' என்று நினைப்பார்கள். உடம்பில் இருந்து லீற்றர் கணக்கில் போயிருக்கும், சேட்டில் வெள்ளையாக உப்பு மட்டும் பூத்திருக்கும்.

வயதும் ஒரு காரணம். அறுபது தாண்டினால் வியர்வை குறைகிறது, தாகம் மந்தமாகிறது. உடம்பு காய்ந்து கிடக்கும், நா கேட்காது. 'தாகமில்லை' என்று அப்பா சொல்வது பொய்யில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை.

அப்புறம் அந்தக் குளிசைகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இடம்தான்.

எச்.சி.ரி. சலத்தோடு உப்பையும் நீரையும் வெளியேற்றும் குளிசை. பிரசர் குறைவதற்கு அது ஒரு வழி. லொசாட்டன் இரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. சாதாரண நாளில் இரண்டும் நல்ல வேலை செய்கின்றன. வெயிலில் ஏற்கனவே நீர் வற்றிய உடம்பில் பிரசர் தேவைக்கு மேல் இறங்கலாம், குனிந்து நிமிர்ந்தவுடன் கண் இருட்டலாம். இவ்வளவு மட்டும் என்றால் நான் அதிகம் பயப்பட மாட்டேன். நாரி நோவுக்கு அவர் போடும் டைக்ளோபெனாக்தான் எனக்குப் பிடிக்காத மூன்றாவது ஆள். நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் காக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாட்டை இந்த வகை நோக் குளிசைகள் தடுக்கின்றன. லொசாட்டன், எச்.சி.ரி., டைக்ளோபெனாக் மூன்றும் ஒரே வயிற்றில், அதுவும் வியர்த்துக் களைத்த நாளில் சேர்ந்தால், நன்றாக இருந்த சிறுநீரகமும் திடீரென்று படுத்துவிடலாம். இபுபுரோபனும் இதே சாதிதான். வவுனியா வடக்கிலும் செட்டிகுளம் பக்கத்திலும் கமக்காரர்களுக்குச் சிறுநீரக வருத்தம் வருவது உங்களுக்குத் தெரியும். காரணம் ஒன்றுதான் என்று இன்னும் நிறுவப்படவில்லை. தண்ணீரும் சந்தேகத்தில் இருக்கிறது, மருந்தடிப்பும் இருக்கிறது, வெயிலில் திரும்பத் திரும்ப உடம்பு வற்றுவதும் இருக்கிறது. காரணம் தெரியும் வரை காத்திருக்காமல் நம் கையில் இருப்பதையாவது செய்யலாம். நாரி நோவுக்கு பரசிற்றமோல், சுடுதண்ணி ஒத்தடம், மண்வெட்டிப் பிடியைக் கொஞ்சம் நீளமாகப் போடுவது. டைக்ளோபெனாக் வேண்டாம்.

ஆனால் பிரசர் குளிசையை நீங்களாக நிற்பாட்ட வேண்டாம். ஒரு கிழமை நிறுத்தி, பிரசர் ஏறி, பாரிசவாதத்தோடு வந்தவர்களை வார்ட்டில் பார்த்திருக்கிறேன். வெயில் காலத்துக்கு அளவைக் குறைக்கலாமா, எச்.சி.ரி.யை மாற்றலாமா என்பது பிரசரை அளந்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினினை இரத்தத்தில் பார்த்து, கிளினிக்கில் முடிவெடுக்க வேண்டிய விசயம். ஒரு விலக்கு உண்டு. வாந்தியோ வயிற்றோட்டமோ வந்து, குடிக்கும் தண்ணீரே தங்காத நாளில், லொசாட்டன், எச்.சி.ரி., மெட்போர்மின் மூன்றும் ஆபத்தாகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், எதை இரண்டொரு நாள் விட வேண்டும் என்று கேளுங்கள்.

அடுத்து நான் கேட்க வேண்டிய கேள்வி, நீங்கள் எழுதாமல் விட்டது. அன்று காலை அப்பா என்ன சாப்பிட்டார்? கிளிக்லசைட்டை விழுங்கிவிட்டு வெறும் தேத்தண்ணியோடு வயலுக்குப் போயிருந்தால், பதினொரு மணிக்கு அவரை விழுத்தியது வெயிலாக இல்லாமல் சீனி இறங்கினதாகவும் இருக்கலாம். இரண்டிலும் வியர்க்கும், நடுங்கும், கண் இருட்டும், பேச்சுக் குழம்பும். பார்த்துப் பிரிக்க எனக்கே கஷ்டம். அதனால் வீட்டில் சீனி பார்க்கும் மெசின் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால், ஆள் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சூடுதான் காரணமாக இருந்தாலும் அந்தச் சீனியால் கெடுதல் வராது. பழஞ்சோறோ கஞ்சியோ, ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் அந்தக் குளிசை. சாப்பாடில்லாமல் கிளிக்லசைட் இல்லை என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது சாத்தியமும் இருக்கிறது, இதயம். 66 வயது, பிரசர், சீனி மூன்றும் உள்ளவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது சரிந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுக்காமல் விடக்கூடாது. ஆகவே 'எழும்பிவிட்டேன்' என்பது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கக் காரணம் ஆகாது. மாங்குளமோ முல்லைத்தீவோ, எது வசதியோ அங்கே இந்தக் கிழமைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். நெஞ்சு நோவு, மூச்சு வாங்குவது, சலம் குறைவாகவோ தேத்தண்ணிச் சாய நிறத்திலோ போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிழமை எல்லாம் இல்லை, இன்றைக்கே.

எத்தனை லீற்றர் என்று கேட்டீர்கள். நாளுக்கு இத்தனை என்று ஒரு கணக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் விறாந்தையில் இருக்கிறவருக்கும் வரம்பு கட்டுகிறவருக்கும் கணக்கு வேறு. வெயிலில் வேலை செய்யும்போது கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஒரு தம்ளர், கிட்டத்தட்ட 200 முதல் 250 மில்லிலீற்றர். மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் போக வேண்டாம், அளவுக்கு மிஞ்சி வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து வேறு சிக்கல் வரும். தாகம் வரும் வரை காத்திருக்காமல் குடிக்க வேண்டும். அப்பாவுக்கு மணிக்கூடு பார்க்கச் சொன்னால் பார்க்கமாட்டார். இத்தனை முழம் வரம்பு கட்டினால் ஒரு தம்ளர் என்று சொல்லுங்கள், அது அவருக்குப் புரியும். சலம் வெளிறின மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறார். கடும் மஞ்சளானால் போதவில்லை.

தண்ணீர்தான் முதல். மோர் நல்லது, பழஞ்சோற்றுத் தண்ணி நல்லது, சீனி போடாத தேசிக்காய்த் தண்ணி நல்லது. வெறும் தேத்தண்ணியும் கணக்கில் சேரும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். லொசாட்டன் எடுப்பவர், சிறுநீரகம் எப்படி என்று பார்க்கும் வரை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். சோடாவும் சீனிப் பானமும் அவருக்கு வேண்டாம். கள்ளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் பகலில் வேலைக்கு இடையில் ஒரு போத்தல் என்றால் அது தண்ணீர்க் கணக்கில் சேராது, சலமாக இன்னும் கூடப் போகும்.

ஜீவனி, அதுதான் பைக்கற்றில் வரும் உப்பு-சீனித் தூள், அதைப் பற்றி ஒரு வார்த்தை. பல மணித்தியாலம் வியர்த்து, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் அது உதவும். ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அரைப் பைக்கற்றை ஒரு கிளாசில் கரைத்துக் குடிக்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அது உப்பு மிஞ்சிப் போகும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிடுங்கள். பிரசர் உள்ளவருக்கு அது தினசரிக் குடிபானம் அல்ல.

வேலை நேரத்துக்கு வருவோம். விடியப்புறம் போய் ஒன்பதரை, பத்து மணிக்குள் கரையேறுங்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு இறங்குங்கள் என்று புத்தகத்தில் உள்ளபடி சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் பக்கத்தில் விடியப்புறமும் பொழுதுபட்ட பிறகும் வயற்கரையில் யானை நிற்கும். ஆகவே விடிந்து வெளிச்சம் வந்த பிறகு போய், பத்து மணிக்குத் திரும்புவதுதான் நடக்கக்கூடியது. அதற்குள் முடியாத வேலையை நாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஆள் பிடிக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் கொஞ்சம் கூட, என்று ஒரு கிழமையில் ஏற்றினால் அவர் பெருமைப்படும் அந்த வெயில் பழக்கம் திரும்பி வரும். தனியாகப் போகக் கூடாது. அன்று பக்கத்து வயலில் யாரும் இல்லாமல் இருந்திருந்தால் என்று நான் எழுதத் தேவையில்லை.

மறுபடியும் யாராவது விழுந்தால் என்ன செய்வது? பெயரைக் கேளுங்கள், இன்றைக்கு என்ன கிழமை என்று கேளுங்கள். சரியாகப் பதில் சொன்னால் நிழல், தண்ணீர், ஓய்வு, பிறகு ஆறுதலாக ஆஸ்பத்திரி. பதில் குழம்பினாலோ, ஆள் எழும்பாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. அது வரும் வரை சும்மா பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். சேட்டைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், ஒருவர் துவாயாலோ கமுகம் மட்டையாலோ விசிறட்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு மூன்றிலும் நனைத்த துணி. முதல் அரை மணித்தியாலத்தில் சூடு இறங்கினால் ஆள் தப்பிவிடுவார், பெரும்பாலும். வியர்க்கிறதே, அப்படியென்றால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். வேலை செய்து விழுந்தவர்களில் பலர் தெப்பமாக வியர்த்திருப்பார்கள். பனடோல் கொடுக்க வேண்டாம், இந்தச் சூட்டை அது குறைக்காது. நினைவு சரியில்லாதவரின் வாயில் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம், பக்கவாட்டில் சரித்துக் கிடத்துங்கள். ஒருதரம் ஒருவரை லாண்ட்மாஸ்ரரில் (இரண்டு சில்லு உழவு மெசினில்) ஏற்றி, நடுக்கம் எடுக்கிறது என்று போர்வையால் சுற்றி வார்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்பாகத்தான் சுற்றினார்கள். வந்த வழி முழுக்க அந்த மனுசன் போர்வைக்குள் வெந்திருக்கிறார்.

அடுத்த நாளும் காய்ச்சல் இருந்தால் அது வெயில் காய்ச்சல் இல்லை. வயலில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல், வீட்டில் இருப்பவருக்கு டெங்கு, இரண்டும் நம் பக்கத்தில் இருக்கின்றன. இரத்தம் சோதியுங்கள்.

அம்மாவின் இன்சுலினுக்குப் பானை நல்ல யோசனை. பாவிக்கத் தொடங்கிய போத்தலைப் பொதுவாக 30 பாகைக்குள் நாலு கிழமை வரை வைத்திருக்கலாம். மூடின போத்தல்களுக்குத்தான் பிரிட்ஜ் அவசியம், 2 முதல் 8 பாகை. பிரிட்ஜ் உள்ள அயல் வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டு வைத்து, மாதத்துக்கு ஒன்றாக எடுங்கள். பானையைச் சமையற்கட்டில் வைக்க வேண்டாம், காற்று வருகிற நிழலில் மணல் மேல் வைத்து, மணலையும் பானை வெளிப்புறத்தையும் நனைத்துக்கொண்டிருங்கள். போத்தலைத் தண்ணீருக்குள் போட வேண்டாம். ஒரு சின்னப் பேணியில் வைத்து உள்ளே இறக்குங்கள். கச்சான் காலத்தில் பானை நன்றாகக் குளிரும், சித்திரைப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. இன்சுலினில் கட்டி தெரிந்தாலோ, போத்தல் சுவரில் தூள் ஒட்டினாலோ எறிந்துவிடுங்கள். வெக்கையில் இன்சுலின் வேகமாக உடம்பில் ஏறும், ஊசி போட்ட பிறகு அம்மா சாப்பாட்டைப் பிந்த வைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்துக்கு வெளியே ஒன்றும் சொல்லிக்கொள்கிறேன், வன்னியில் அதைச் சொல்லாமல் போக முடியாது. யுத்தத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே உடம்பு வியர்க்காது. பெரிய எரிகாயத் தழும்பும் வியர்க்காது. கால் இழந்தவர் பொய்க்காலோடு நடக்கும்போது மற்றவர்களைவிட அதிகம் களைக்கிறார், அதிகம் சூடாகிறார். மனநலக் கிளினிக்கில் ஒலன்சபின், பென்செக்சோல், அமிற்றிப்ரிலின் போன்றவற்றை எடுப்பவர்களுக்கும் வியர்வையோ உடம்பின் சூட்டுக் கட்டுப்பாடோ குழம்பலாம். இப்படி ஒருவர் உங்கள் ஒழுங்கையில் இருப்பார். தகரக் கூரை வீட்டில் மத்தியானம் அவரைத் தனிய விடாமல், மர நிழலுக்கோ கிடுகு வேய்ந்த கொட்டிலுக்கோ கொண்டுவந்து, நனைத்த துவாயைத் தோளில் போட்டுவிடுங்கள். தகரத்துக்கு மேல் பழைய கிடுகைப் பரப்பினாலே உள்ளே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியும்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது கிளினிக் கொப்பியோடு அந்த டைக்ளோபெனாக் மட்டையையும் பையில் போடுங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள். அப்பா காட்டமாட்டார்.